ஜாங்கோவில் குரூப் பெர்மிஷன்: ஹேஸ்_பெர்ம் எங்கே காலை வாரும்

பெங்களூரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் இருக்கிற ஒரு பெரிய அபார்ட்மென்டை எடுத்துக்கொள்வோம். காவிரித் தண்ணீர் போதாது, மிச்சத்துக்கு டேங்கர்தான். டேங்கர் கேட்டுக்குள் நுழைந்ததும் செக்யூரிட்டி டேப்லெட்டில் ஒரு லோடு பதிவு போடுகிறார். எஸ்டேட் மேனேஜர் மீட்டரைப் பார்த்து லிட்டர் கணக்கைத் திருத்துகிறார். சங்கத்தின் பொருளாளர் ஒப்புதல் கொடுத்தால்தான் டேங்கர்காரருக்குப் பணம் போகும். 2024 மார்ச்சில், ஊரே தண்ணீருக்கு அல்லாடியபோது, மாவட்ட நிர்வாகம் ஐந்து கிலோமீட்டருக்குள் வரும் 12,000 லிட்டர் லோடுக்கு 1,000 ரூபாய் என்று விலை கட்டியது. அந்த விலைக்கே நாளைக்குப் பத்து லோடு இறங்கினால் மாதம் மூன்று லட்சம். ஆக, யார் பதியலாம், யார் திருத்தலாம், யார் ஒப்புதல் தரலாம் என்பது நேராகக் காசு விஷயம்.

இதற்கு ஜாங்கோவில் (பைத்தானில் வெப் ஆப் எழுதும் ஃப்ரேம்ஒர்க்) ஆப் எழுதினால் மூன்று குரூப் போதும்: செக்யூரிட்டி, மேனேஜர், பொருளாளர். குரூப் உண்டாக்குவதும் ஆளைச் சேர்ப்பதும் அட்மின் திரையில் சில நிமிட வேலை. சிக்கல் வருவது சரிபார்க்கிற இடத்தில். கேள்வியைத் தப்பாகக் கேட்டால் ஜாங்கோ எரர் எதுவும் காட்டாது. பேசாமல் 'இல்லை' என்று சொல்லிவிடும். சில சமயம் பேசாமல் 'ஆமாம்' என்றும் சொல்லும், அதுதான் ஆபத்து.

டேபிளில் இருப்பது

மைக்ரேட் (மாடல்களுக்கு டேட்டாபேஸில் டேபிள் போடும் கமாண்ட்) ஓடி முடிந்ததும் ஒவ்வொரு மாடலுக்கும் ஆத்_பெர்மிஷன் டேபிளில் நான்கு வரிகள் விழும்: ஆட், சேஞ்ச், டிலீட், வியூ. (வியூ மட்டும் பிறகு வந்தது, 2018இல் வெளியான 2.1 பதிப்பில்.) டேங்கர்லோடு என்ற மாடல் வாட்டர் என்ற ஆப்பில் இருந்தால் 'வாட்டர்.சேஞ்ச்_டேங்கர்லோடு' என்பது ஒரு பெர்மிஷனின் முழுப் பெயர். புள்ளிக்கு முன்னால் ஆப்பின் லேபிள், பின்னால் கோட்நேம். ஒப்புதல் என்பது இந்த நான்கில் அடங்காததால், மாடலின் மெட்டா வகுப்பில் பெர்மிஷன்ஸ் பட்டியலில் 'அப்ரூவ்_டேங்கர்லோடு' என்று ஒன்றை நாமே சேர்க்க வேண்டும்.

ஒருவரிடம் பெர்மிஷன் வந்து சேர இரண்டு வழிகள் உண்டு. யூசரிடம் நேரடியாகக் கொடுக்கலாம், குரூப்பிடம் கொடுத்து அவரை அந்த குரூப்பில் சேர்க்கலாம். கடைசியில் இரண்டும் ஒரே கூடையில் கொட்டப்படும். கூட்டல் மட்டும்தான் உண்டு, கழித்தல் கிடையாது. 'மேனேஜர் குரூப்பில் இருக்கட்டும், ஆனால் இவருக்கு மட்டும் டிலீட் வேண்டாம்' என்று சொல்ல இந்த அமைப்பில் இடமில்லை. டிலீட் இல்லாத இன்னொரு குரூப் போட்டு அவரை அங்கே மாற்றுவதுதான் நேர்வழி. குரூப்புக்குள் குரூப்பும் கிடையாது.

குரூப் பெயரை வைத்துக் கேட்பது

குரூப் அனுமதியைச் சரிபார்க்கச் சொன்னால் பலரும் முதலில் எழுதும் வரி இது:

யூசர்.குரூப்ஸ்.ஃபில்டர்(நேம்='பொருளாளர்').எக்ஸிஸ்ட்ஸ்()

இது ஓடும், சரியான விடையும் தரும். ஆனால் பெர்மிஷன் அமைப்பையே இது தொடவில்லை. அட்மின் திரையில் யாராவது குரூப் பெயரை 'பொருளாளர் 2025' என்று மாற்றினால் அந்த நிமிடமே எல்லோருக்கும் கதவு மூடிவிடும். துணைப் பொருளாளர் என்று ஒரு குரூப் வந்தால் புரோகிராம் கோடைத் திருத்தி சர்வரில் ஏற்ற (டிப்ளாய் செய்ய) வேண்டும். சூப்பர்யூசர் (எல்லா உரிமையும் உள்ள கணக்கு) அந்த குரூப்பில் இல்லாவிட்டால் அவருக்கும் இல்லை என்றே விடை வரும். அழைக்கும் ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸுக்கு ஒரு குவெரி போகும்.

குரூப்பில் இருப்பதே கேள்வியாக இருக்கும்போது இந்த வரி சரி. கமிட்டியில் உள்ளவர்களுக்கு மட்டும் கூட்ட அறிவிப்பு மெயில் அனுப்புவது அப்படிப்பட்ட வேலை. கதவைத் திறக்கலாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் இது இருக்கக் கூடாது. குரூப் என்பது பெர்மிஷன்களைக் கொத்தாகக் கொடுக்கும் வசதி. கோடுக்கு பெர்மிஷனின் பெயர் தெரிந்தால் போதும்.

பெர்மிஷன் பற்றிய கேள்விகளிலும் நாலு விதம் உண்டு, மூன்றுக்குத் தனித்தனிக் கருவி உண்டு. 'இந்த ஆளால் முடியுமா?' என்பதற்கு யூசர்.ஹேஸ்_பெர்ம். 'இது அவருக்கு குரூப் வழியாக வந்ததா, நேரடியாகவா?' என்பதற்கு கெட்_குரூப்_பெர்மிஷன்ஸ், கெட்_யூசர்_பெர்மிஷன்ஸ் இரண்டும். 'இந்த பெர்மிஷன் யார் யாரிடம் இருக்கிறது?' என்பதற்கு 3.0 பதிப்பிலிருந்து யூசர் மேனேஜரில் வித்_பெர்ம் இருக்கிறது.

'இந்த குரூப்பிடம் அந்த பெர்மிஷன் உண்டா?' என்பது நாலாவது. இதற்கு மட்டும் தயாரான மெத்தட் இல்லை. யூசரிடம் இருக்கும் ஹேஸ்_பெர்ம் குரூப் மாடலில் கிடையாது. கையால்தான் எழுத வேண்டும்:

குரூப்.பெர்மிஷன்ஸ்.ஃபில்டர்(கன்டென்ட்_டைப்__ஆப்_லேபிள்='வாட்டர்', கோட்நேம்='அப்ரூவ்_டேங்கர்லோடு').எக்ஸிஸ்ட்ஸ்()

ஆப்_லேபிள் பகுதியைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். டேபிளில் கன்டென்ட் டைப்பும் கோட்நேமும் சேர்ந்துதான் தனித்துவம். கோட்நேம் மட்டும் தனித்துவம் இல்லை. வாட்டர் ஆப்பிலும் பார்க்கிங் ஆப்பிலும் ஆளுக்கொரு ரசீது மாடல் இருந்தால் இரண்டுக்கும் கோட்நேம் ஒன்றேதான். கோட்நேமை மட்டும் வைத்துத் தேடினால், பார்க்கிங் ரசீதைத் திருத்தும் குரூப்புக்குத் தண்ணீர் ரசீதும் திறந்துவிடும்.

ஹேஸ்_பெர்ம் உள்ளே நடப்பது

யூசர்.ஹேஸ்_பெர்ம்('வாட்டர்.அப்ரூவ்_டேங்கர்லோடு') என்று அழைத்ததும் ஜாங்கோ முதலில் பார்ப்பது இரண்டு கொடிகளை. ஆள் ஆக்டிவாக இருந்து சூப்பர்யூசராகவும் இருந்தால் அங்கேயே 'ஆமாம்'. டேட்டாபேஸைத் தொடுவதே இல்லை. இல்லாவிட்டால் செட்டிங்ஸில் உள்ள ஆத்தன்டிகேஷன் பேக்எண்ட்களை (ஆளையும் உரிமையையும் சரிபார்க்கும் வகுப்புகள்) வரிசையாகக் கேட்கும். ஏதாவது ஒன்று 'ஆமாம்' என்றால் முடிந்தது. ஏதாவது ஒன்று பெர்மிஷன்_டினைட் எரரை எழுப்பினால் அடுத்ததைக் கேட்காமலே 'இல்லை'. மேலே சொன்ன கழித்தல் உண்மையிலேயே தேவைப்பட்டால், பட்டியலின் தலையில் ஒரு சின்ன பேக்எண்ட் எழுதி அங்கே மறுக்கலாம். அதற்கும் சூப்பர்யூசர் அகப்படமாட்டார், ஏனென்றால் அவருக்கு பேக்எண்ட் வரைக்கும் கேள்வி போவதே இல்லை.

எல்லோரும் வைத்திருக்கும் மாடல்பேக்எண்ட் என்ன செய்கிறது? நேரடி பெர்மிஷனுக்கு ஒரு குவெரி, குரூப் பெர்மிஷனுக்கு ஒரு குவெரி. இரண்டிலும் வந்ததை 'ஆப்.கோட்நேம்' என்ற எழுத்துச் சரங்களாக மாற்றி ஒரு செட்டில் போட்டு, நீங்கள் கொடுத்த சரம் அதில் இருக்கிறதா என்று பார்க்கிறது. அவ்வளவுதான்.

கோளாறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. நீங்கள் கொடுக்கும் பெயரில் அப்படி ஒரு பெர்மிஷன் உலகத்தில் உண்டா என்று ஜாங்கோ பார்ப்பதில்லை. 'அப்ரூவ்_டேங்கர்_லோடு' என்று நடுவில் ஒரு அடிக்கோடு கூடுதலாகப் போட்டால் எரர் வராது, 'இல்லை' என்று வரும். தானாக உண்டாகும் கோட்நேம்களில் மாடல் பெயர் சிற்றெழுத்தில் சேர்ந்தே வரும், இடையில் அடிக்கோடு இருக்காது. ஆப்பை ஒரு ஃபோல்டருக்குள் வைத்திருப்பவர்கள் முழுப் பாதையையும் எழுதிவிடுவார்கள், அதுவும் ஒத்துப்போகாது. வேண்டியது லேபிள் மட்டும்.

அதே எழுத்துப் பிழையை சூப்பர்யூசராக லாகின் செய்து சோதித்தால் 'ஆமாம்' என்று வரும். லேப்டாப்பில் எல்லோரும் கிரியேட்சூப்பர்யூசர் போட்ட கணக்கிலேயே வேலை செய்வதால் பிழை கண்ணில் படாது. டிப்ளாய் ஆன பிறகு பொருளாளர் போன் போட்டு 'பட்டனையே காணோமே' என்பார். கெட்_குரூப்_பெர்மிஷன்ஸும் இதே கதைதான்: சூப்பர்யூசர் ஒரு குரூப்பில்கூட இல்லாவிட்டாலும் டேபிளில் உள்ள அத்தனை பெர்மிஷனையும் அவருடைய குரூப் பெர்மிஷனாகத் திருப்பித் தரும். ஆகவே சூப்பர்யூசரை வைத்து பெர்மிஷனைச் சோதிப்பது சோதனையே ஆகாது. குரூப்புக்கு ஒரு டெஸ்ட் யூசர் என்று மூன்று சாதாரணக் கணக்குகளை எப்போதும் வைத்திருங்கள்.

எழுத்துப் பிழைக்கு மருந்து சுலபம். ப்ராஜெக்டில் பயன்படும் பெர்மிஷன் சரங்களை எல்லாம் ஒரே ஃபைலில் மாறிலிகளாக வையுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் பெர்மிஷன் டேபிளில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் எழுதுங்கள். பத்து வரி டெஸ்ட்தான். டெம்ப்ளேட்டில் பெர்ம்ஸ்.வாட்டர்.அப்ரூவ்_டேங்கர்லோடு என்று எழுதும் இடங்களை மட்டும் இது பிடிக்காது. அங்கே பிழை இருந்தால் பட்டன் சத்தமில்லாமல் மறைந்துபோகும், அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஆர்க்யூமென்ட்

ஹேஸ்_பெர்ம் இரண்டாவதாக ஒரு ஆப்ஜெக்டையும் வாங்கிக்கொள்ளும். யூசர்.ஹேஸ்_பெர்ம்('வாட்டர்.சேஞ்ச்_டேங்கர்லோடு', லோடு) என்று எழுதினால் 'இந்தக் குறிப்பிட்ட லோடைத் திருத்தலாமா?' என்று கேட்பதாகத் தோன்றும். ஆனால் மாடல்பேக்எண்டுக்கு ஆப்ஜெக்ட் அளவிலான அனுமதி தெரியாது. ஆப்ஜெக்ட் கொடுக்கப்பட்டிருந்தால் காலி செட்டைத் திருப்பித் தரும். குரூப்பிடம் மாடல் முழுவதற்கும் அனுமதி இருந்தாலும் விடை 'இல்லை'தான். 'எல்லாவற்றுக்கும் உரிமை இருக்கிறவருக்கு இந்த ஒன்றுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் இடம் இது. சூப்பர்யூசருக்கு வழக்கம்போல 'ஆமாம்'.

ஏ பிளாக் மேனேஜர் ஏ பிளாக் லோடுகளை மட்டும் திருத்த வேண்டும் என்றால் பலரும் உடனே ஜாங்கோ கார்டியனை (ஆப்ஜெக்ட் வாரியாக அனுமதி தரும் தனி பேக்கேஜ்) இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். நாலைந்து பிளாக் இருக்கிற இடத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. லோடில் பிளாக் என்று ஒரு ஃபாரின் கீ, மேனேஜருக்கு எந்தெந்த பிளாக் என்று ஒரு டேபிள், வியூவின் (ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் கோட்; வியூ பெர்மிஷன் அல்ல) கெட்_குவெரிசெட்டில் ஒரு ஃபில்டர். ஹேஸ்_பெர்ம் 'லோடைத் திருத்தும் உரிமை உண்டா' என்று சொல்லும், குவெரிசெட் 'எந்த லோடுகள்' என்று சொல்லும். அடுத்த பிளாக் லோடின் எண்ணை யூஆர்எல்லில் மாற்றிப் போட்டால் 404 வரும், அதுவே சரியான பதில்.

எந்த ஒழுங்குக்கும் அடங்காமல், வரிக்கு வரி வேறு வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் ஆவணங்கள் என்றால் கார்டியன் நல்ல கருவி. அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கெட்_ஆப்ஜெக்ட்ஸ்_ஃபார்_யூசர் என்ற ஃபங்ஷனில் அக்செப்ட்_குளோபல்_பெர்ம்ஸ் தானாகவே ட்ரூவாக இருக்கும். குரூப்பிடம் மாடல் அளவில் அதே பெர்மிஷன் இருந்தால் அத்தனை வரிகளையும் கொடுத்துவிடும், ஆப்ஜெக்ட் வாரியாக நீங்கள் பார்த்துப் பார்த்துக் கொடுத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். இன்னொன்று, ஆப்ஜெக்டை அழித்தாலும் அதற்கான பெர்மிஷன் வரிகள் அப்படியே தங்கிவிடும். கிளீன்_ஆர்ஃபன்_ஆப்ஜ்_பெர்ம்ஸ் கமாண்டை அவ்வப்போது ஓட்ட வேண்டும்.

கேஷ்

பேக்எண்ட் திரட்டிய செட்டை யூசர் ஆப்ஜெக்டின் மேலேயே ஒட்டி வைத்துக்கொள்ளும். ஒரு ரிக்வெஸ்டில் இருபது தடவை ஹேஸ்_பெர்ம் அழைத்தாலும் அந்த இரண்டு குவெரிதான். வெப் ரிக்வெஸ்டுக்கு இது நல்லது. ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் யூசர் புதிதாக ஏற்றப்படுவதால், குரூப்பிலிருந்து ஒருவரை எடுத்தால் அவருடைய அடுத்த கிளிக்கிலேயே அது அமலுக்கு வரும். லாக்அவுட் செய்து திரும்பி வரச் சொல்லத் தேவையில்லை, பெர்மிஷன் செஷனில் இருப்பதே இல்லை.

ஷெல்லிலும் டெஸ்டிலும்தான் இது குழப்பும். முதலில் ஹேஸ்_பெர்ம் கேட்கிறீர்கள், 'இல்லை'. குரூப்பில் சேர்க்கிறீர்கள். மறுபடி கேட்டால் மறுபடியும் 'இல்லை'. ரிஃப்ரெஷ்_ஃப்ரம்_டிபி போட்டுப் பார்ப்பீர்கள், அப்போதும் 'இல்லை'. அது ஃபீல்டுகளைத்தான் புதுப்பிக்கும், ஒட்டிவைத்த கேஷைத் தொடாது. யூசரை டேட்டாபேஸிலிருந்து புதிய ஆப்ஜெக்டாக எடுத்தால்தான் விடை மாறும். டெஸ்ட் கிளையண்டில் ஃபோர்ஸ்_லாகின் செய்து வியூவை அழைத்தால் ரிக்வெஸ்ட் தானே புது யூசரை ஏற்றிக்கொள்ளும், பிரச்சினை தெரியாது. ரிக்வெஸ்ட்ஃபேக்டரியில் ரிக்வெஸ்ட்.யூசருக்கு நாமே பழைய ஆப்ஜெக்டை மாட்டிவிடுவதால் அங்கே மட்டும் டெஸ்ட் உடையும்.

ப்ரொடக்‌ஷனிலும் ஓர் இடம் உண்டு. கேட்டில் இருக்கும் டேப்லெட் வெப்சாக்கெட் வழியாக நாள் முழுக்க ஒரே இணைப்பில் இருந்தால், இணைப்பு தொடங்கும்போது ஏற்றிய யூசர்தான் கடைசிவரை. காலையில் வேலையை விட்டுப் போன செக்யூரிட்டியின் உரிமை இரவு வரை உயிரோடு இருக்கும். ஒவ்வொரு முக்கியமான மெசேஜுக்கும் யூசரைப் புதிதாக எடுத்துக் கேட்க வேண்டும்.

வியூவில் பூட்டுப் போடுவது

ஃபங்ஷன் வியூ என்றால் பெர்மிஷன்_ரிக்வயர்டு டெக்கரேட்டர். இதை வெறுமனே போட்டால், லாகின் செய்திருந்தும் உரிமை இல்லாதவரை லாகின் பக்கத்துக்கே திருப்பி அனுப்பும். அவரோ ஏற்கனவே உள்ளே இருக்கிறார். லாகின்வியூவில் ரீடைரக்ட்_ஆத்தன்டிகேட்டட்_யூசர் ட்ரூவாக இருந்தால் அது அவரை வந்த இடத்துக்கே தள்ளும், டெக்கரேட்டர் மறுபடி லாகினுக்குத் தள்ளும். கடைசியில் பிரவுசரே சலித்துப்போய் எரர் காட்டும். ஆகவே ரெய்ஸ்_எக்ஸெப்ஷனை ட்ரூ ஆக்கி, அதற்கு மேலே லாகின்_ரிக்வயர்டு டெக்கரேட்டரை வையுங்கள். லாகின் செய்யாதவர் லாகின் பக்கத்துக்குப் போவார், செய்தவர் 403 பார்ப்பார்.

கிளாஸ் வியூவில் பெர்மிஷன்ரிக்வயர்டுமிக்ஸின் இந்த வேறுபாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். பரம்பரை வரிசையில் அது இடது ஓரத்தில் இருக்க வேண்டும். அப்டேட்வியூவுக்குப் பின்னால் எழுதினால் அதன் டிஸ்பேட்ச் ஓடவே ஓடாது. அதாவது பூட்டே இல்லாத கதவு, அதற்கும் எரர் கிடையாது. இரண்டு பெர்மிஷன்களைக் கொடுத்தால் இரண்டும் வேண்டும் என்று அர்த்தம். ஏதாவது ஒன்று போதும் என்றால் ஹேஸ்_பெர்மிஷன் மெத்தடை நீங்களே எழுத வேண்டும்.

ஏபிஐ எழுத ரெஸ்ட் ஃப்ரேம்ஒர்க் வைத்திருப்பவர்கள் ஜாங்கோமாடல்பெர்மிஷன்ஸ் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அதன் பெர்ம்ஸ்_மேப்பை ஒரு தடவை திறந்து பாருங்கள். போஸ்டுக்கு ஆட், புட்டுக்கும் பேட்ச்சுக்கும் சேஞ்ச், டிலீட்டுக்கு டிலீட். கெட்டுக்கு காலிப் பட்டியல். லாகின் செய்த எவரும் படிக்கலாம் என்று பொருள். வியூ பெர்மிஷனை யாரிடமிருந்து பிடுங்கினாலும் ஏபிஐயில் ஒரு மாற்றமும் தெரியாது. அந்த வகுப்பிலிருந்து ஒன்றைப் பெற்று கெட் வரிசையில் வியூவைச் சேர்ப்பது முதல் நாள் வேலையாக இருக்கட்டும்.

ஒப்புதல்

இந்த ஆப்பில் மிக எளிதாகத் தவறக்கூடிய ஓட்டை இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

லோடு மாடலில் லிட்டர், தொகை, நிலை என்று ஃபீல்டுகள். மேனேஜருக்கு சேஞ்ச் பெர்மிஷன் கொடுத்திருக்கிறோம், அவர் லிட்டரைத் திருத்த வேண்டுமே. அப்ரூவ் பெர்மிஷன் பொருளாளருக்கு மட்டும். திரையில் 'ஒப்புதல்' பட்டன் பெர்ம்ஸ் பார்த்துத்தான் காட்டப்படுகிறது. எல்லாம் சரியாகத் தெரிகிறது. இப்போது மேனேஜர் அந்த லோடின் யூஆர்எல்லுக்கு ஒரு பேட்ச் ரிக்வெஸ்டில் நிலை='அப்ரூவ்டு' என்று அனுப்பினால்? பேட்ச்சுக்கு வேண்டியது சேஞ்ச். அவரிடம் அது இருக்கிறது. ரிக்வெஸ்ட் உள்ளே போகிறது, லோடு ஒப்புதல் ஆகிவிடுகிறது. அப்ரூவ் பெர்மிஷனை யாரும் கேட்கவே இல்லை.

ஜாங்கோவின் பெர்மிஷன் மாடல் அளவில் நிற்கிறது. எந்த ஃபீல்டு மாறுகிறது என்பது அதன் கணக்கில் வராது. சரிசெய்ய, நிலை ஃபீல்டை சீரியலைசரில் (ஏபிஐயில் வரும் தரவை மாடலுக்கு மாற்றும் வகுப்பு) படிக்க மட்டும் என்று ஆக்குங்கள். ஒப்புதலுக்குத் தனி எண்ட்பாயிண்ட் வைத்து அங்கே அப்ரூவ் பெர்மிஷனைக் கேளுங்கள். அட்மினிலும் இதே ஓட்டை இருக்கும். அப்ரூவ் இல்லாதவருக்கு நிலையை கெட்_ரீட்ஒன்லி_ஃபீல்ட்ஸ் வழியாகப் பூட்ட வேண்டும். அட்மின் ஆக்‌ஷனாக எழுதினால் பெர்மிஷன்ஸ்=['அப்ரூவ்'] என்று கொடுத்து, மாடல்அட்மினில் ஹேஸ்_அப்ரூவ்_பெர்மிஷன் என்ற மெத்தடை எழுத வேண்டும். அது யூசர்.ஹேஸ்_பெர்மை அழைத்தால் போதும்.

இதோடும் முடியவில்லை. பொருளாளர் ஊரில் இல்லாத வாரத்தில் மேனேஜரைத் தற்காலிகமாகப் பொருளாளர் குரூப்பிலும் சேர்ப்பார்கள். நடைமுறையில் இது நடக்காத சங்கம் அபூர்வம். இரண்டு குரூப்பின் உரிமையும் ஒரே கையில் கூடும். தான் திருத்திய லோடுக்குத் தானே ஒப்புதல் கொடுப்பார். பெர்மிஷன் அமைப்பால் இதைத் தடுக்க முடியாது, அது ஆளைத்தான் பார்க்கும், அந்த வரியின் வரலாற்றைப் பார்க்காது. லோடில் கடைசியாகத் திருத்தியவரைப் பதிந்து வைத்து, ஒப்புதல் எண்ட்பாயிண்டில் 'ஒப்புதல் தருபவரும் திருத்தியவரும் ஒரே ஆளா?' என்று தனியாகக் கேட்க வேண்டும். சூப்பர்யூசருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும், ஏனென்றால் இது ஹேஸ்_பெர்ம் வழியாகப் போவதில்லை.

குரூப்பை நிறுவும் விதம்

குரூப்புகளை மைக்ரேஷனுக்குள் உண்டாக்கலாம் என்று தோன்றும். உங்கள் லேப்டாப்பில் ஓடும். புதிய டேட்டாபேஸில், சிஐயில் (டெஸ்ட்கள் தானாக ஓடும் இடம்), பெர்மிஷன்.டஸ்நாட்எக்ஸிஸ்ட் என்று விழும். பெர்மிஷன் வரிகள் உண்டாவது போஸ்ட்_மைக்ரேட் சிக்னலில், அதாவது எல்லா மைக்ரேஷனும் ஓடி முடிந்த பிறகு. லேப்டாப்பில் போன வாரமே அந்த வரிகள் வந்துவிட்டதால் மறைந்திருந்த பிழை, காலி டேட்டாபேஸில் வெளியே வருகிறது.

ஃபிக்ஸ்சர் (டேட்டாபேஸ் வரிகளை ஃபைலாக எடுத்து இன்னோர் இடத்தில் ஏற்றுவது) வழியும் ஆபத்து. லேப்டாப்பில் அப்ரூவ் பெர்மிஷனின் ஐடி 41 என்றால் சர்வரில் அது வேறு எண்ணாக இருக்கலாம். டம்ப்டேட்டா சாதாரணமாக எண்ணைத்தான் எழுதும். அந்த ஃபைலை சர்வரில் ஏற்றினால் 41ஆம் எண்ணில் அங்கே எது இருக்கிறதோ அது குரூப்புக்குப் போய்ச் சேரும். நேச்சுரல்-ஃபாரின் கொடியோடு டம்ப் எடுத்தால் கோட்நேம், ஆப், மாடல் என்று பெயராகவே எழுதப்படும்.

இரண்டையும் விட ஒரு மேனேஜ்மென்ட் கமாண்ட் எழுதிவிடுவது நல்லது. குரூப் பெயருக்கு எதிரே பெர்மிஷன் பட்டியல் என்று ஒரு டிக்‌ஷனரி. ஒவ்வொன்றுக்கும் கெட்_ஆர்_கிரியேட், பிறகு பெர்மிஷன்ஸ்.செட். ஒவ்வொரு டிப்ளாயிலும் மைக்ரேட்டுக்கு அடுத்து இதை ஓட்டுங்கள். ஆட் போடாமல் செட் போடுவதால், யாரோ அட்மினில் கையால் சேர்த்துவைத்த கூடுதல் உரிமை அடுத்த டிப்ளாயில் காணாமல் போகும். அட்மினில் மாற்றிப் பழகியவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். எந்த குரூப்புக்கு என்ன உரிமை என்பது கிட்டில் (கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கருவி) இருந்தால்தான் யார் எப்போது மாற்றினார் என்று காட்ட முடியும்.

மாடலின் பெயரை மாற்றும்போதும் ஒரு கண் வையுங்கள். 4.2, 5.2 போன்ற பதிப்புகளில் பழைய கோட்நேம் வரிகள் அப்படியே இருக்கும், புதுப் பெயரில் புது வரிகள் உண்டாகும், குரூப்புகள் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். மேலே சொன்ன கமாண்ட் இருந்தால் டிக்‌ஷனரியில் பெயரை மாற்றுவதோடு வேலை முடிந்தது. பழைய வரிகளை அழிப்பது மட்டும் பாக்கி.

எந்த குரூப்புக்கும் யோசிக்காமல் கொடுக்கக் கூடாத பெர்மிஷன்கள் இரண்டு: ஆத்.சேஞ்ச்_யூசர், ஆத்.சேஞ்ச்_குரூப். 'பாஸ்வேர்ட் மாற்றிக்கொடுக்க மட்டும்தானே' என்று முதலாவதை மேனேஜருக்குக் கொடுத்தால், அட்மினுக்குள் வர முடிகிற அவர் தன் பக்கத்தைத் திறந்து சூப்பர்யூசர் டிக்கைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவதைக் கொடுத்தால் தான் இருக்கும் குரூப்புக்கே எல்லா உரிமையும் சேர்த்துக்கொள்ளலாம். பாஸ்வேர்ட் மாற்றத் தனிப் பக்கம் எழுதுங்கள், இல்லாவிட்டால் யூசர்அட்மினில் அந்த ஃபீல்டுகளை அவர் தொட முடியாமல் பூட்டுங்கள்.

பொருளாளர் மாறும்போது

ஆண்டுப் பொதுக்குழு முடிந்து கமிட்டி மாறினால், பழையவரை குரூப்பிலிருந்து எடுத்து, புதியவரைச் சேர்த்து, வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். பழையவருக்கு எப்போதோ ஓர் அவசரத்தில் நேரடியாகக் கொடுத்த பெர்மிஷன் இருந்தால் அது போகாது. ஆகவே குரூப்பிலிருந்து எடுத்த பிறகு அவருடைய கெட்_யூசர்_பெர்மிஷன்ஸ் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். நேரடிப் பெர்மிஷன் யாருக்குமே இருக்கக் கூடாது என்பதை விதியாக வைத்து, யூசர்_பெர்மிஷன்ஸில் வரி இருக்கும் எல்லோரையும் தினமும் பட்டியலிடும் ஒரு கிரான் வேலை போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

அதன் பிறகு வித்_பெர்ம்('வாட்டர்.அப்ரூவ்_டேங்கர்லோடு') ஓட்டினால் ஒப்புதல் தரக்கூடிய அத்தனை பேரும் வருவார்கள். சூப்பர்யூசர்களும் சேர்ந்தே வருவார்கள்; ஆப்பை எழுதிய டெவலப்பரின் கணக்கு அதில் தலைகாட்டினால் அது இன்னும் சூப்பர்யூசராக இருக்க வேண்டுமா என்று கேட்க நல்ல சந்தர்ப்பம். ஆக்டிவ் அல்லாதவர்களை இது விட்டுவிடும். பேக்எண்ட் ஒன்றுக்கு மேல் இருந்தால் எது என்று பேக்எண்ட் ஆர்க்யூமென்டில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வேல்யூஎரர்.

யார் யாரை எப்போது எந்த குரூப்பில் சேர்த்தார் என்ற பதிவு அட்மினின் லாகில் முழுதாகக் கிடைக்காது. குரூப்ஸ் ஃபீல்டு மாறியது என்று இருக்கும், எந்த குரூப் என்று இருக்காது. யூசர்.குரூப்ஸ்.த்ரூவை சென்டராக (சிக்னலை அனுப்புபவராக) வைத்து எம்2எம்_சேஞ்ச்டு சிக்னலைக் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும்போது ரிவர்ஸ் என்ற கொடியைப் பாருங்கள். யூசர்.குரூப்ஸ்.ஆட் என்று அழைத்தால் இன்ஸ்டன்ஸ் யூசர், பிகே_செட்டில் குரூப் எண்கள். குரூப்.யூசர்_செட்.ஆட் என்று அழைத்தால் இன்ஸ்டன்ஸ் குரூப், பிகே_செட்டில் யூசர் எண்கள். கொடியைப் பார்க்காமல் எழுதிய லாகில் 3ஆம் எண் குரூப்பும் 3ஆம் எண் ஆளும் ஒன்றாகிவிடுவார்கள். கிளியர் அழைத்தால் பிகே_செட்டே 'நன்' (எதுவும் இல்லை) என்று வரும். யார் யார் நீக்கப்பட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் ப்ரீ_கிளியர் கட்டத்திலேயே, வரிகள் அழிவதற்கு முன், பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.